ஓடை இல்லாத மலை

மனை விற்கும் என் முதலாளி பொய் சொன்னார். செண்பகத்தோப்பு அடிவாரத்தை அளந்து எடுத்த படம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் அவர் காட்டுவது, ராஜபாளையத்தில் உட்கார்ந்து கணினியில் நான் உருவாக்கிய மலை. கணினி விளையாட்டுகளுக்குச் செய்வதுபோல, தற்செயல் எண்களைக் கலக்கும் நாய்ஸ் என்ற கணக்கில் மேடுபள்ளங்களைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு தானே போட்டுத் தரும்.

"எவம்லே போயி அளக்கப் போறான்? பாக்க மலையா இருந்தாப் போதும்" என்றார் முதலாளி. செய்து கொடுத்தேன்.

நான் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று, தேவதானத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு அக்கா வீட்டுமனை வாங்க வந்தார். திரையில் என் மலையைப் பார்த்தார்.

"மலை நல்லாத்தான் இருக்கு தம்பி. மழை பேஞ்சா தண்ணி எந்த வழியா எறங்கும்?"

அந்தக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைக் கேட்காமல் தன் உயரத்தைப் போட்டுக்கொள்ளும். லட்சம் புள்ளிகளை ஒரே நேரத்தில் கார்டு முடிப்பது அதனால்தான். மேலிருந்து கீழே தொடர்ந்து தாழும் வழி அமையாமல், என் மலையில் ஒரு ஓடைகூட இல்லாததும் அதனால்தான்.

"அது அந்தப் பக்கமா போயிரும்க்கா" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன். அக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பொறுக்க முடியாமல் பைக்கில் போய்ப் பார்த்தேன். அவர் மனையின் நடுவில் காட்டோடை. வீடு கட்டினால் பெருமழையில் போய்விடும். அக்காவிடம் போனில் சொன்னேன்.

"பொறவு நேத்து எதுக்குத் தம்பி தலையாட்டுனீய?"

வாய் திறக்காதவரை பொய் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

முதலாளி, என் தப்பை எல்லாரும் படிக்க இங்கே எழுதிவிட்டேன். ஓடையை மறைத்து ஏன் விற்றீர்கள்? மனை வாங்கிய எல்லாரையும் கூட்டி வைத்துப் பதில் சொல்லுங்கள்.