எட்டு மாதச் சந்தேகம்

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்காவை அடுத்த ரெம்பியாவில் ஒரு பெயர் சூட்டு விழா. என்னை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த அம்மாள், "நீங்க குழந்தைக்கு அம்மா வழியா, அப்பா வழியா?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? 'குழந்தையின் அம்மாவை அரிசி கடத்தல் சந்தேகத்தில் போலீஸ் ஜீப்பில் ஏற்றியவள் நான்தான்' என்றால் பாயசம் கிடைக்குமா?

சிரித்துச் சமாளித்தேன். உங்களிடம் சமாளிக்க வேண்டியதில்லை...

நாலு வருடத்துக்கு முன்பு என் கணவர் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிற எல்லோரையும் தினமும் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே? எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். பெருமைப்படுகிற வேலை இல்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த மூன்றாம் நாள் காலை, கான்ஸ்டபிள் வரிசையில் நின்ற ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டினார். அஞ்சலை. பத்தொன்பது வயது. கைலிக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை. சட்டைக்குள் வயிறு மேடு தட்டியிருந்தது.

தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கை வைத்தேன். அரிசி இல்லை. துணி மூட்டையும் இல்லை. கெட்டியாக, உருண்டையாக, அழுத்தினால் ஒரு பக்கமாக நகர்ந்தது. மூன்று பெற்றவள் நான்... இது பிள்ளையும் இல்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

அவளே மெதுவாகச் சொன்னாள்: "மாசா மாசம் தூரம் ஆயிக்கிட்டுத்தான் இருக்கேன், கிராணியம்மா. யாரும் நம்ப மாட்றாங்க."

எட்டு மாதமாக இந்த வயிறு. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் வாயு என்று பேதி மருந்து கொடுத்திருக்கிறார். லயத்தில் வேறு பேச்சு. ரெம்பியாவில் லோரி ஓட்டும் கதிரேசனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். அந்தக் கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. அப்பா வீராசாமி இரண்டு மாதமாக மகளோடு பேசவில்லை. அம்மா இல்லாத பெண். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் டிரஸர் கடிதம் வேண்டும், மேனேஜர் பாஸ் வேண்டும். எத்தனை நாளாகுமோ! அவளோ நிற்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சோதனைப் புத்தகத்தைத் திறந்து, அவள் பெயருக்கு நேராக 'சந்தேகம் — டாக்டரை வைத்துச் சோதிக்க வேண்டும்' என்று எழுதினேன். பொய் இல்லை. சந்தேகம் இருந்தது. அரிசி மேல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது! முன்னால் ஒரு துப்பாக்கி, பின்னால் ஒரு துப்பாக்கி. நடுவில் நானும் அஞ்சலையும். நோயாளிக்குக் கிடைக்காத வண்டி சந்தேகக் கேஸுக்கு உடனே கிடைக்கிறது — என்ன காலம்!

மலாக்காவில் பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. பிள்ளை இல்லை, இரண்டு சினைப்பையிலும் கட்டி என்றார். பிறவியிலேயே உள்ளே தங்கிப்போன ஏதோ ஒன்றிலிருந்து வளர்வதாம். உள்ளே முடி இருக்கும், சில சமயம் பல்கூட இருக்குமாம். இரண்டு பக்கமும் இவ்வளவு பெரிதாக வருவது அபூர்வம் என்றார். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பெரிய டாக்டர் இரண்டு சினைப்பைகளையும் முழுசாக எடுத்துவிடுவதே பத்திரம் என்று கருதினார். எடுத்தால் அப்புறம் குழந்தை என்ற பேச்சே இல்லை. தகவல் கேட்டு ஓடி வந்த வீராசாமி, உயிர் பிழைத்தால் போதும் என்று காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். மகளைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராக அஞ்சலையின் கட்டிலுக்கு வந்தார்.

"அப்பா சம்மதிச்சிட்டார், பிள்ளை. ஆனா வயிறு உன்ரை. நீ என்ன சொல்லுறாய்?"

அஞ்சலை யோசித்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாமே கட்டிதானா, டாக்டரம்மா? இல்ல, நல்லதும் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"திறந்து பாத்தாத்தான் சொல்லேலும்."

"இருந்தா விட்டுடுங்க. கொஞ்சமா இருந்தாலும் விட்டுடுங்க."

விட்ட இடத்தில் கட்டி திரும்ப வரலாம், வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். வந்து காட்டுகிறேன் என்றாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். அவ்வளவு வலியிலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை எப்படிக் கேட்டாள்?

டாக்டரம்மா பெரிய டாக்டரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஆபரேஷன் மூன்று மணி நேரம். முறுக்கிய பக்கம் கறுத்துச் செத்துப்போயிருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. இன்னொரு பக்கத்தில், கொட்டையிலிருந்து ரம்புத்தான் சதையைப் பிரிப்பதுபோல் கட்டியை மட்டும் பொறுமையாக உரித்தெடுத்து, கட்டைவிரல் நகம் அளவு நல்ல சதையை மிச்சம் வைத்துத் தைத்தார்களாம்.

மறுநாள் லோரியோடு வந்துவிட்டான் கதிரேசன். குழந்தை பிறக்குமா என்று நேராகவே கேட்டான். உறுதி சொல்ல முடியாது, வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா. "வாய்ப்பு இருக்குலா, அது போதும். இல்லாட்டியும் நான் வேற இடம் பார்க்கப் போறதில்ல" என்றான். சுவர் ஓரம் நின்ற வீராசாமி அப்போதுதான் மகளின் கட்டிலருகே வந்து அழுதார்.

ஆறு வாரம் கழித்து அஞ்சலை மறுபடி வேலைக்கு வந்தாள். காலை நேரம், வரிசையில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நான் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, சட்டையை நான்கு விரல் உயர்த்தித் தழும்பைக் காட்டினாள்.

"பிள்ளை இல்ல, கட்டி. எடுத்தாச்சு. கேக்கணும்னு இருக்கிறவங்க இப்பவே கேட்டுக்குங்க."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எட்டு மாதம் ஓயாத வாய்கள்! எனக்கு அன்றைக்கு மட்டும் அந்த வேலை பிடித்திருந்தது.

கல்யாணம் நடந்தது. இரண்டாம் வருடம் பையன் பிறந்தான். இப்போது பெண். இந்தப் பக்கம் அபாயம் நீங்கிய வெள்ளைப் பகுதியாகி ஊரடங்கும் போய்விட்டதால், ஞாயிறன்று பந்தலில் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. டாக்டரம்மா மடியில் ஒரு பக்கம் பையனும் ஒரு பக்கம் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார். நகம் அளவு சதையை வைத்துக்கொண்டு அஞ்சலை செய்த வேலையைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செய்த வேலையை யார் சொல்வது? அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அஞ்சலை தழும்பைக் காட்டிய அந்த வாரமே இரண்டு பெண்கள் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். ஒருத்திக்கு ஒரு வருடமாக உதிரப்போக்கு. இன்னொருத்திக்கு அடிவயிற்றில் கல் மாதிரி ஏதோ. புருஷனிடம்கூடச் சொல்லாதவர்கள். பல்வலி வந்தால் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற நாம், தொப்புளுக்குக் கீழே வலித்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறோமே... ஏன்?

வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் அதற்கு ஆபரேஷன் செய்யத் தெரியாது!