பக்கெட்டில் சிவந்த தண்ணீர்

சாலை பஜார் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஒரு கவ்வாத்துக் கத்தி கிடைத்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, இன்று சாணையும் பிடித்துவிட்டேன். பளபளக்கிறது. ஆனால் பிடி மட்டும் என் கைக்கு அடங்கவே இல்லை.

அறைத்தோழி சாந்தி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்காரி. வாங்கி இடக்கையில் பிடித்தாள். பிடியில் தேய்ந்திருந்த குழியில் அவள் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

"இடக்கைக்காரங்க கத்தியாக்கும் இது. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இடக்கையால கவ்வாத்து வெட்டுனது எங்க சித்தப்பா மட்டும்தான்."

"அவரு இப்ப எங்க?"

"ஒரு நாள் காட்டுக்குள்ள போனாரு. திரும்பி வரல்ல. கத்தியும் கையில இருந்துச்சு."

கத்தியை அவளே வைத்துக்கொண்டாள்.

கத்தியை ஊறவைத்த வினிகர்த் தண்ணீர் குளியலறைப் பக்கெட்டில் சிவப்பாக இருக்கிறது. கொட்டக் கை வரவில்லை. வெறும் துருதான் என்று யாராவது சொல்லுங்களேன்.