என் பெயரில் வந்த அபிப்பிராயங்கள்

எனக்குச் சொந்தமாக அபிப்பிராயம் கிடையாது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. ஓர் ஆங்கில இணையதளத்தில் ஹார்ட்கோர் பங்க் ரெக்கார்டுகளைப் பற்றி இந்த ஏழு வருடமும் என் பெயரில் வந்த விமர்சனங்களில், உருப்படியான வரி ஒன்றுகூட என்னுடையதில்லை. எல்லாம் என் மனைவி சொன்னது.

இந்தச் சங்கீதத்தைக் கேட்டிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பாட்டு ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், கிட்டார் இரைந்துகொண்டு பின்னால் துரத்தும், ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். பெரிய கம்பெனிகள் இதைச் சீந்துவதில்லை. நாலு பேர் சேர்ந்து, தாங்களே ரெக்கார்டு அடித்து, அட்டையைத் தாங்களே வெட்டி ஒட்டித் தபாலில் அனுப்புவார்கள். பெங்களூரில் படித்தபோது ஹாஸ்டலில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மறுபடி எங்கள் ஏற்காட்டு மலையேறி, நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. காலையில் ஆள் வருகை எழுதுவேன், பழம் பறிக்கிற இடத்தில் கால் கடுக்க நிற்பேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து போலந்திலும் இந்தோனேசியாவிலும் யார் யாரோ கத்துவதைக் கேட்பேன். அந்த இணையதளம் நடத்துகிறவர் விமர்சனம் எழுத முடியுமா என்று கேட்டதும் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டேன். ரெக்கார்டுகள் ஏற்காடு தபாலாபீசுக்கு வர ஆரம்பித்தன.

கேட்கத்தான் தெரியும், சொல்லத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதலில் வந்த ரெக்கார்டை நாலு தடவை போட்டேன். வேகமாக இருக்கிறது, பலமாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று மூன்று வரி எழுதிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பனி இறங்குகிறதென்று கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு உள்ளே வந்த மனைவி, போகிற போக்கில் சொன்னாள்.

"ஏனுங்க, பாடறவருக்குக் கோவமே இல்லீங்க. கத்தோணும்னு கோவப்பட்டுக்கறாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அந்த மனிதர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூச்சை இழுத்துக் கோபத்தை வரவழைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய 'ங்க'வையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு கெட்ட வார்த்தையைச் சேர்த்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பாராட்டு குவிந்தது. மலையில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆளுக்கு என்ன காது என்று எழுதினார்கள். நானும் வெட்கமில்லாமல் நன்றி சொன்னேன்.

மனைவி மாரமங்கலத்துக்காரி. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடுகிறவள். யார் அரை மாத்திரை பிந்துகிறார், யார் பக்கத்து ஆளை நம்பிப் பாடுகிறார் என்பதெல்லாம் அவள் காதுக்குத் தப்பாது. ஆனால் கொயரில் இருக்கிற மற்றவர்கள் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. இது அவளுக்கு மட்டும் இருந்தது.

அதன்பிறகு நான் ஒரு தந்திரக்காரன் ஆனேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காபி குடித்து, பரீட்சை நோட்டைப் பிரிக்கிற நேரம் பார்த்து ரெக்கார்டைப் போடுவேன். சும்மா கேட்பதுபோல "எப்படி?" என்பேன். அவளும் திருத்திக்கொண்டே சொல்வாள். ரொம்பச் சுத்தமாகப் பதிவுசெய்த ஒரு ரெக்கார்டைக் கேட்டு, "கழுவிக் கவுத்து வச்ச பாத்திரமாட்டம் இருக்குதுங்க, இவிங்க ஊட்டுல யாரும் சமைக்கறதில்லீங்களா?" என்றாள். இன்னொன்றைக் கேட்டு, "டிரம்ஸ் அடிக்கறவரு முன்னால போயிட்டே இருக்காருங்க, மத்தவங்க போனாப் போவட்டும்னு உட்டுட்டாங்க. நொம்ப நாளைக்குச் சேந்திருக்க மாட்டாங்க" என்றாள். அந்த வருடமே அந்தக் குழு கலைந்தது. அதை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசி என்று எனக்குப் பெயர்.

ஒரே ஒரு தடவை ரோஷம் வந்து, அவள் ஊரில் இல்லாத வாரம் நானே யோசித்து எழுதினேன். பெரிய பெரிய வார்த்தைகள். அந்தக் குழுவிலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் கேட்டது எங்கள் ரெக்கார்டுதானா, வேறு யாருடையதாவதா? அத்தோடு என் ரோஷம் அடங்கிவிட்டது.

அவள் பெயரையும் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். திருடனுக்குத் தோதான பதில்.

போன வருடம் ஆடி மழையில், மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமை, நான்கு பெண்கள் சேர்ந்து போட்ட ஒரு ரெக்கார்டைச் சுழல விட்டேன். கடைசிப் பாட்டில் கத்துகிற பெண்ணின் குரல் உடைந்து, மேற்கொண்டு வராமல் நின்று, பிறகு உடைந்தபடியே தொடர்கிறது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். ரெக்கார்டு முடிந்து ஊசி தேய்கிற சத்தம் வந்தும் அதை மறுபடி எடுக்கவில்லை. நறுக்கிய பீன்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"எங்கம்மா செத்தன்னைக்கு எனக்கு இப்பிடித்தானுங்க கத்தோணும்னு இருந்துது. அடக்கத்துக்குப் பாடறப்ப ஆல்ட்டோவுக்கு ஆளில்லைன்னு என்னையவே கொயர்ல நிக்க வச்சுட்டாங்க. நானும் சுதி விலகாம பாடிப்போட்டு வந்துட்டனுங்க."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவள் அம்மா இறந்தது அதற்கும் முன்னால். இதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்த மடையனுக்கும் தெரியும். நான் எழுந்து போய்க் காகிதம் தேடினேன். மறந்துவிடக் கூடாதே என்ற பதற்றம். அவள் அழுதாளா என்று இன்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. சொன்ன வார்த்தைகள் மட்டும் ஒன்று விடாமல் நினைவிருக்கின்றன.

என் அம்மா இறந்த அன்று எனக்கு இப்படித்தான் கத்த வேண்டும்போல் இருந்தது, என்னைப் பாட வைத்தார்கள், நான் சுருதி பிசகாமல் பாடினேன் என்று எழுதினேன். என் பெயரில் எழுதினேன். எங்கள் ஊர் தலைச்சோலையில் என் அம்மா அந்த வாரம் ஏணி போட்டு மிளகுக் கொடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுதியதிலேயே ஜனங்கள் அதிகம் பகிர்ந்துகொண்டது அதுதான். முன்பின் தெரியாதவர்கள் ஆறுதல் சொல்லி எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த நான்கு பெண்களும் நல்ல மனசுக்காரர்கள். அடுத்த ரெக்கார்டு போட்டபோது அட்டையின் பின்பக்கம் நான் எழுதியதை என் பெயரோடு அச்சடித்து, அடியில், மலையிலிருக்கும் எங்கள் நண்பரின் மறைந்த அன்னைக்கு இது சமர்ப்பணம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பார்சல் ஏற்காட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் வழக்கம்போல மனைவிதான் வாங்கி வந்தாள். மழையில் நனைந்திருந்ததால் அட்டை ஊறிவிடக் கூடாதென்று பிரித்துத் துடைத்திருக்கிறாள். என் ரெக்கார்டுகளை அவள் எப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொள்வாள்.

நான் எஸ்டேட்டிலிருந்து வந்தபோது அட்டை மேஜைமேல் குப்புறக் கிடந்தது. டீ வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, அத்தை எப்பங்க செத்தாங்க?"

எழுத்தென்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் மாற்றி எழுதுவதுதான், என்று ஏதோ உளறினேன். நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அத்தை காத்தால கூடப் போன் பண்ணுனாங்க. மொளகு காயப் போட்டிருக்கறேன், மழை உடமாட்டீங்குதுன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

சண்டை இல்லை. அழுகை இல்லை. மறுநாள் தூக்குப்போசியில் எனக்குச் சோறு கட்டினாள். ஆனால் அதற்கப்புறம் எந்த ரெக்கார்டைப் போட்டு "எப்படி?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லாருக்குதுங்க." கோபமே இல்லாமல் கத்துகிறவரைக் கேட்டும் அதே பதில். வேண்டுமென்றே நான் போட்ட படுமட்டமான ரெக்கார்டுக்கும் அதே பதில். இரண்டு மாதம் இப்படிப் போனது. விமர்சனம் எழுத முடியவில்லை என்பது போகட்டும். சாயங்காலங்களில் வீட்டில் யாருமே இல்லாததுபோல் இருந்தது எனக்கு.

கடைசியில் துணிந்து இணையதளக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கேட்டது அவள், சொன்னது அவள், செத்தது அவள் அம்மா. எல்லாக் கட்டுரைகளிலும் திருத்தம் போடுங்கள் என்றேன். என்மேல் காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மறுநாளே பதில் போட்டார். அவசியம் திருத்திவிடலாம், இனிமேல் உங்கள் மனைவியே எழுதட்டும், அவர் பெயரிலேயே போடுகிறோம் என்றார்.

போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். களவாண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கப்போகிறவனுக்கு இருக்கிற மிதப்பு இருந்தது எனக்கு. அவள் பரீட்சை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் எழுதியதையும் அவர் எழுதியதையும் நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கறீங்க" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நீ எழுதறயா?"

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, ரொம்ப நாளுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவிங்களுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட என்னங்க இருக்குது? நான் உங்ககிட்டத்தானுங்க சொன்னேன்."