அண்ணி சுமக்காத சிலுவை

என் அண்ணி பேசாமல் இருப்பது ஒரே ஒரு நேரத்தில்தான், வாயில் ஆணி இருக்கும் நேரத்தில். சோபாவுக்கு உறை அடிக்கிறவர் அவர். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தியல் இருக்கும், ஆணி வைத்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதனால் உதட்டுக்கு நடுவே ஏழெட்டுச் சின்ன ஆணிகள். நான் ஏதாவது வம்பு பேச வேண்டுமென்றால் அந்த நேரம் பார்த்துப் பேசிவிட்டு நழுவிவிடுவேன். மற்ற நேரத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது, அவருடைய முதலாளி உட்பட.

அண்ணனுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. நான்கு வருடங்களுக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. உடம்பில் அசைவு நின்றுபோய், வலது கை மட்டும் ஏதோ பாதி தப்பியது. அந்த வாரமே அண்ணி முதலாளியிடம் போய், இனிமேல் சோபாக்கள் என் வீட்டுக்கு வரும், நான் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்கவில்லை, சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் முன்னறையில் ஒரு பக்கம் அண்ணனின் கட்டில், மறு பக்கம் தோலுரித்த சோபாக்கள். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம் உண்டு. எனக்குத் தொப்பை வந்த பிறகு அந்த வழி சிரமம்தான்.

அசைய முடியாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். தவறினால் எலும்பு அழுத்துகிற இடத்தில் புண் வரும், வந்தால் ஆளையே கொண்டுபோகும். அண்ணி தொழிலில் மீந்த நல்ல பஞ்சில் குதிகாலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று அளவெடுத்து மெத்தை தைத்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா, நான்கு வருடம் படுத்தவர் முதுகு மாதிரியா இருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அண்ணனும் சும்மா கிடப்பவர் அல்ல. பூப்போட்ட துணி வந்தால் ஒரு பூவும் பாதியில் அறுபடாமல் எப்படி வெட்டுவது என்று பென்சிலால் கட்டம் போட்டுத் தருவார். தரை டைல்ஸில் பூவுக்குப் பூ சேர்த்த கண்ணல்லவா. சுத்தியல் சத்தத்தில் அண்ணிக்கு நேரம் போவது தெரியாது. எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, "மணியாச்சு, திருப்பு" என்று கூப்பிடுவது அண்ணனின் பொறுப்பு. இப்படித்தான் அந்த வீடு ஓடியது, சண்டையும் சிரிப்புமாக.

இதற்குள் நான் மூக்கை நுழைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் நூலகர் நான். எங்கள் கோயிலின் மாத இதழுக்கு ஆசிரியரும் நான்தான். தவக்கால இதழுக்கு நல்ல கட்டுரை வேண்டுமென்று பங்குத்தந்தை கேட்டார். எனக்கோ உவமை என்றால் உயிர். 'தோளில் சிலுவையோடு ஒரு பெண்' என்று அண்ணியைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை, போடாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அவர் வாயிலிருந்த ஆணிகளைக் கூட நான் விடவில்லை, இயேசுவை அறைந்த கல்வாரி ஆணிகளாக்கிவிட்டேன். நாங்கள் எழுதும் இந்த மாதிரி பக்திக் கதைகளில் நோயாளி என்பவர் இன்னொருவருடைய பெருமைக்காகப் படுத்திருப்பவர், அவ்வளவுதான். அந்த நோயாளிக்கும் படிக்கத் தெரியும் என்பது எழுதுகிறவனுக்கு ஞாபகம் வருவதில்லை. ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை அதை வாசித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பகலில் அண்ணி நூலகத்துக்கு வந்தார். கையில் இதழ். வேலைத் துணியோடே வந்திருந்தார், முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தம்பி, இதுல நான் யாரு?"

"சிலுவை சுமக்கிறவங்க அண்ணி. ஆண்டவருக்காகச் சுமந்தாரே சீமோன், அவர் மாதிரி."

"அவரு பாட்டுக்கு வழியில போனவரு. பிடிச்சு இழுத்துட்டு வந்து சுமக்க வெச்சாங்க. என்னை யாரு பிடிச்சு இழுத்தாங்க?"

"யாருமில்ல."

"சரி, சுமக்கிறேன்னே வைங்க. அப்ப உங்க அண்ணன் யாரு?"

நான் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"சொல்லுங்க. அந்தச் சிலுவை மரம்தானே?"

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அண்ணன் அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தாராம். அன்றிலிருந்து 'மணியாச்சு' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் கூப்பிடுவார் என்ற நம்பிக்கையில் அண்ணி ஆணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் நான்கானது, ஐந்தானது. நர்ஸம்மா வந்து புரட்டிப் பார்த்தபோது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அதோடு, கன்னியாஸ்திரிகள் நடத்தும் நோயாளிகள் இல்லத்துக்கு, தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி நர்ஸம்மா மூலமாகவே அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை சிஸ்டர் வந்து எழுதிக்கொண்டு போகப் போகிறார்.

"சிலுவையை இறக்கி வெச்சா நீ நிமிர்ந்து நடப்பேங்கிறாரு. நாலு வருஷத்துல அவரு இப்படிப் பேசினதே இல்ல தம்பி."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை போனேன். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு சிஸ்டர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். வயதானவர், நிதானமானவர். அண்ணன் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்.

"நான் இவளுக்குப் பாரம். காரணம்னு கேட்ட இடத்துல அதையே எழுதிக்குங்க சிஸ்டர்."

"ஒரு நிமிஷம் எழுதாதீங்க சிஸ்டர்" என்றார் அண்ணி. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "ஏங்க, சிலுவைப்பாதைக்கு நாம எத்தனை தடவை போயிருக்கோம். அதுல கை காலை அசைக்க முடியாமக் கிடந்தது யாரு? தாகமா இருக்குன்னு கேட்டது யாரு?"

அண்ணன் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"அவரு பட்ட பாட்டைப் படுறது நீங்க. உங்க தம்பிக்கு எழுத வரல, உங்களைக் கொண்டுபோய் மரத்துல சேர்த்துட்டாரு."

"அப்ப நீ யாரு?"

"சிலுவைக்குக் கீழ நின்னாங்கல்ல, அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி."

"நின்னு என்ன பிரயோஜனம்?"

"ஒண்ணுமில்ல. அவங்களால இறக்க முடிஞ்சுதா? ஒரு ஆணியைப் பிடுங்க முடிஞ்சுதா? தியாகம் பண்ண வந்தோம்னும் அவங்க சொல்லல. விட்டுட்டுப் போக மனசு வரல, நின்னாங்க. நானும் அவ்வளவுதான். எங்கிட்ட இறக்கி வைக்க ஒண்ணுமே இல்லைங்க. நீங்க போறதுன்னா போங்க. நான் சோபாவை எல்லாம் வண்டியில ஏத்திட்டு வந்து அந்த இல்லத்து வாசல்ல உக்காந்து அடிப்பேன்."

"எங்க இல்லத்துல சத்தம் போடக் கூடாதும்மா" என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். படிவத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்தார்.

நான் வாழ்நாளெல்லாம் புத்தகங்களுக்கு நடுவே இருப்பவன். இயேசுவின் பாடுகளைப் பற்றி அலமாரி நிறைய இருக்கிறது எங்கள் நூலகத்தில். பஞ்சு ஒட்டிய கையோடு அண்ணி அன்று சொன்னதற்குப் பக்கத்தில் வைக்க அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போதும் தேடுகிறேன்.

அண்ணனின் கண் நிறைந்து காது வரை வழிந்தது. அண்ணி முந்தானையால் துடைத்தார். பிறகு அண்ணன் என் பக்கம் பார்த்தார்.

"டேய், மணி என்ன? கடிகாரத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிற."

"பதினொண்ணு பத்து."

"தாண்டி அரை மணி நேரம் ஆச்சு. திருப்பச் சொல்லு."

"தம்பி, இன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் வாங்க" என்றார் அண்ணி.

எங்கே பிடிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு, இழுக்கக் கூடாது, உருட்டணும் என்று அண்ணி சொல்லிக்கொடுத்தார். "என்னடா இப்படிப் பிடிக்கிற, டைல்ஸா தூக்குற?" என்றார் அண்ணன். அவர் முதுகு சூடாக இருந்தது, பனியன் லேசாக ஈரமாக இருந்தது. அவர் படுத்திருப்பதை வைத்து நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவர் விழுந்த பிறகு நான் அவரைத் தொட்டது அன்றுதான்.