மூன்று செயினைத் தின்றவள்

ஒரே வருஷத்தில் மூன்று செயின். ஆய்வுக்கூடத்து மோட்டார் சைக்கிள்களில் இந்த வேகத்தில் செயினைத் தின்றுதீர்த்த ஆள் வேறு யாருமில்லை என்று மேலாளர் கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். கவனக்குறைவாக ஓட்டுகிறாளாம். மாத முடிவுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால், வண்டியைப் பிடுங்கிக்கொண்டு லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றிவிடுவார்களாம்.

பெட்டியக்கா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினாள். பதினாலு கிளினிக்குகளுக்குப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கி, பின்சீட்டில் முடுக்கிய பெரிய பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அடுக்கி, கெட்டுப்போவதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. ஒன்பது வருஷத்தில் ஒரு குப்பி உடைந்ததில்லை. லேபிள் அறைக்கோ ஜன்னலே கிடையாது. அங்கே போனவர்கள் ஓய்வு பெறுகிற அன்றுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்.

செயினைக் கவனிக்காதவளா அவள்? மண்ணெண்ணெய் நனைத்த துணியால் வாராவாரம் துடைக்கிறாள். ஓடி வந்து சூடாக இருக்கும்போதே எண்ணெய் விடுகிறாள். அப்படியும் ஊரெல்லாம் அவளுக்கு உபதேசம். வாசல் காவலாளிகூட, "பொம்பளைங்க ஆக்சிலேட்டரை முறுக்குறது அதிகம்" என்று ஆராய்ச்சி முடிவு சொன்னார். அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. வண்டி ஓட்டும் மற்ற மூன்று ஆண்களின் செயின்கள் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன, உண்மைதான். அவர்கள் கொண்டுபோவது ரிப்போர்ட் கவர். அவள் கொண்டுபோவது முப்பது கிலோ. இந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை. ஆள் பெண் என்று தெரிந்த பிறகு வேறு காரணம் எதற்கு?

ஷெட் மெக்கானிக் கெட்டவர் அல்ல. சனிக்கிழமைதோறும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, செயினை இழுத்து முறுக்கி, விரலால் சுண்டிப் பார்ப்பார்.

"வீணைத் தந்தி மாதிரி நிக்கணும்மா. தொங்குற செயின், சோம்பேறி வீட்டுத் துணிக்கொடி."

"இவ்வளவு இறுக்கணுமாண்ணே?"

"முப்பது வருஷமா நான் கட்டுறேன். நீ ஓட்டு, போதும்."

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் புருஷன் தையல் மெஷினிடம் புலம்பிக்கொண்டிருந்தான். கடைக்கு வந்த ஒருவர் கிழிந்த பேண்ட்டை முகத்தில் வீசிவிட்டுப் போயிருந்தார்.

"நிக்கும்போது கச்சிதமா இருக்கணும், இன்னும் பிடிங்கன்னு சொன்னதே அந்த ஆளுதான். உட்கார்ந்தா துணிக்கு இடம் வேணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்போ தையல் சரியில்லையாம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நின்றுவிட்டாள்.

"அப்போ நீ எப்படித்தான் அளவு பார்ப்பே?"

"உட்காரச் சொல்லித்தான். நிக்கிற ஆளை நம்பி வெட்டினா இதுதான் கதி."

"எழுந்திரு. டேப்பை எடுத்துக்கிட்டு வெளியே வா."

பாரத்துக்காக வண்டிப் பெட்டிக்குள் இஸ்திரிப் பெட்டியையும் துணிக்கட்டுகளையும் திணித்தாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அவனைச் சீட்டில் உட்காரச் சொன்னாள்.

"நான் என்ன ரத்தமா, என்னை ஏத்திக்கிட்டு எங்கே போகப் போறே?"

"பேசாம உட்காரு. மூச்சைப் பிடிக்காதே, எடை குறையப் போறதில்லை."

ஸ்டாண்டில் நின்றபோது நடுவில் அரை விரல் அளவு அசைந்த செயின், இப்போது கம்பியாக விறைத்து நின்றது. பாரம் ஏறினால் பின்சக்கரத்தைத் தாங்கும் கை மேலே எழுகிறது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே தூரம் கூடுகிறது. செயினுக்குக் கொடுக்க மிச்சம் ஒன்றுமில்லை. நாள் முழுக்க அது பற்களைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அவளும்தான்.

சனிக்கிழமை ஷெட்டில் இதைச் சொன்னதும் மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

"தையக்காரன் வீட்டுல இருந்து எனக்குப் பாடமா?"

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். கனத்த உடம்பு. விஷயத்தைப் பாதி கேட்டதுமே சிரித்தார். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்."

"தெரு கோணலான்னு ஒரு தடவை அளந்து பார்த்துடலாம் சார். உட்காருங்க."

"எதுல?"

"என் வண்டியில. பெட்டியில ஐஸ் ரொம்பியிருக்கு. ஆள்தான் வேணும்."

மறுத்தால் பயந்ததுபோல் ஆகிவிடும். உட்கார்ந்தார். வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. மெக்கானிக் குனிந்து விரலால் அழுத்தினார். பிறகு கட்டைவிரலால். பிறகு முழங்காலிட்டு.

"என்னய்யா ஆச்சு?"

"அசையல சார்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதையும் பாருங்கண்ணே," என்று பின்பக்கத்துப் பல்சக்கரத்தைக் காட்டினாள் பெட்டியக்கா. பற்கள் கொக்கியாய் ஒருபக்கம் வளைந்து கிடந்தன. "மூணு தடவையும் செயினை மட்டும்தானே மாத்தினீங்க? தேய்ஞ்ச பல்லுல புதுச் செயினை மாட்டினா அதையும் சேர்த்துத் தேய்க்காம என்ன பண்ணும்?"

"பல்லு இன்னும் இருக்கே, வீணாக்குவானேன்னு…"

முன்னும் பின்னும் புதுப் பல்சக்கரம், புதுச் செயின். ஸ்டாண்டில் மூன்று சென்டிமீட்டர் அசைவு விட்டு, பாரம் ஏறிய பிறகும் தளர்ச்சி மிஞ்சுகிறதா என்று பார்த்துக் கட்டினார்கள். அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: 'மேலாளரின் ஆலோசனைப்படி, இனி எல்லா வண்டிகளுக்கும் பாரம் ஏற்றியே செயின் அளவு பார்க்கப்படும்.' இடமாற்றம் மட்டும் 'தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.' கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது. உட்கார்ந்து நிரூபித்தவர் மேலாளர், தொங்கிக்கொண்டிருப்பவள் இவள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மெக்கானிக்கே கூப்பிட்டார்: "வாம்மா, வந்து உட்காரு, அளவு பார்க்கணும்." புதுச் செயின் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியது. பற்கள் நேராக நின்றன. அன்று அவள் மேலாளர் அறைக்குப் போனாள்.

"அந்தக் கடிதத்தை எடுத்துடுங்க சார்."

"செயின்தான் நல்லா ஓடுதே. பழசை எதுக்குக் கிளறுறே?"

"செயின் நிரபராதின்னு ஆயிடுச்சு சார். நான் இன்னும் ஆகலையே. நாளைக்கு வேற யாராவது இந்த நாற்காலிக்கு வந்து கோப்பைப் புரட்டினா, நான் லேபிள் ரூம்லதான் இருப்பேன்."

"அப்போ யார் தப்புன்னு எழுதச் சொல்றே?"

"யாரையும் எழுத வேண்டாம். என் தப்பில்லைன்னு எழுதுங்க." எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேலாளர் மேஜையில் பேனாவைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அவள் தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"சீக்கிரம் சார். வெளியே வண்டியில ஐஸ் உருகுது."

அவர் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையையும் அவள் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.