பதினோரு பிஷப்பும் ஓர் இரும்புக் கட்டியும்

எட்கர் பில்லிங் என்று ஒரு நடிகர் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தலையாட்டாதீர்கள், தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். துப்பறியும் தொடர்களில் முதல் பத்து நிமிடத்திலேயே கொலையாகிறவர் அவர்தான். சினிமாவில் கதாநாயகிக்குக் கார் கதவைத் திறந்துவிட்டுக் காணாமல் போகிறவரும் அவரே.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி அவரை உற்றுப் பார்ப்பார். “நீங்க எங்க தெரு கசாப்புக் கடைக்காரர்தானே?”

எட்கர் தயங்கமாட்டார். “ஆமாம்மா. போன வாரம் வாங்கின தொடைக்கறி எப்படி?”

“கொஞ்சம் முத்தல்.”

“அடுத்த தடவ இளசா வெட்டித் தர்றேன்.”

இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரின் நெசவாலைத் தெருவில் பிறந்தவர். பதினேழு வயதில் நாடகப் பள்ளிக்குப் போனபோது, “இந்தப் பேச்ச வச்சுக்கிட்டு பிரபு வேஷத்துக்கு ஆசப்படலாமா தம்பி?” என்று ஆசிரியர் சிரித்திருக்கிறார். உழைப்பவனின் பேச்சு ஒழிக்க வேண்டிய நோய் என்று சொல்லிக்கொடுக்கக் கட்டணம் வாங்கும் நாடு இது. எட்கரிடம் பதில் இருந்தது. “பிரபுவப் பக்கத்துல நின்னு பாத்தது யாரு? அவனுக்குத் தேத்தண்ணித் தட்டு தூக்கின எங்கம்மா. இருபது வருஷம் பாத்தா. வேல முடிஞ்சு வந்து அடுப்படியில அவன மாதிரியே நடந்து காட்டுவா. அதத்தான் அம்பது வருஷமா மேடைல வித்துக்கிட்டிருக்கேன்.”

வாரத்துக்கு ஒரு நாடகம் போட்ட சிற்றூர்க் கம்பெனிகளில் தேறியவர். இந்த வார நீதிபதியாக நடித்துக்கொண்டே அடுத்த வாரத் தூக்கிலிடுபவனின் வசனத்தை மனப்பாடம் செய்வார். இதுவரை பதினோரு பிஷப் வேடம். கடவுள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. “நம்புறவன் பயந்து பயந்து நடிப்பான். எனக்கென்ன பயம்?” என்பார்.

எந்த நாடகமானாலும் ஒத்திகையின் முதல் நாள் நடிகர்கள் தங்களுக்குள் ஒருவரை நடிகர் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். நிர்வாகத்திடம் குறை சொல்லி அடுத்த வாய்ப்பை இழக்கப்போகிறவர் யார் என்பதே அதன் பொருள். எல்லோரும் தத்தம் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது எட்கரின் கை மேலே போகும்.

போன குளிர்காலத்தில் லங்காஷயர் கடற்கரையில் ஓர் அரங்கம். பெயர் வேண்டாம், அவர்களிடம் வழக்கறிஞர் இருக்கிறார், என்னிடம் இல்லை. வசனப் பிரதியோடு மேடையோரம் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை. புதன்கிழமை காலை, மேலே திரைகளைத் தூக்கும் கயிற்றில் எதிரெடையாகத் தொங்கிய பன்னிரண்டு கிலோ இரும்புக் கட்டி ஒன்று விழுந்தது. இரண்டாம் அங்கத்தில் எட்கர் பிஷப்பாக நின்று ஆசீர்வதிக்கும் அதே பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. நல்லவேளை, மேடையில் யாரும் இல்லை.

ஐந்தே நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிட்டாள். உடை மாட்டிவிடும் பெரில், ஐம்பது வயதுக்காரி, இஸ்திரி போடும்போது சீட்டியடித்தாளாம். அரங்கத்துக்குள் சீட்டியடித்தால் ஆபத்தாம். ஒரு காலத்தில் மேலே கயிறு இழுத்தவர்கள் கப்பலோட்டிகள், சீட்டிதான் அவர்களுக்குச் சைகை, வேறு யார் அடித்தாலும் தலைமேல் எதையாவது இறக்கிவிடுவார்கள் என்பார்கள். கப்பலோட்டிகள் போய்த் தலைமுறைகள் ஆகின்றன. பயம் மட்டும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது.

“அவ சீட்டியடிச்சத நான் காதால கேட்டேன்” என்றார் கதாநாயகி வெனீஷியா.

நிர்வாகி டெஸ்மண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் மனசு கலங்கிப் போயிருக்காங்க பெரில். இந்த வாரத்தோட நின்னுக்கோ.”

எட்கர் எழுபத்தொரு வயதில் கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். இறங்கி வரும்போது கையில் கட்டியைத் தாங்கியிருந்த பட்டை. துரு தின்று இரண்டாகப் போயிருந்தது. மேலே தொங்கிய சோதனை அட்டையில் கடைசிக் கையெழுத்துக்கு மூன்று வயது.

“காட்சி முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார் டெஸ்மண்ட்.

மதியக் காட்சி இரண்டரை மணிக்கு. திரைக்கு அந்தப் பக்கம் நானூறு பேர். எட்கர் முழு பிஷப் கோலத்தில் வந்து, உடைந்த பலகைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“எந்திரி எட்கர். எல்லாரும் காத்திருக்காங்க.”

“மேல இருக்கிற மிச்சப் பட்டையெல்லாம் சோதிக்க ஆள் வரட்டும். பெரில் வேலைல இருக்கான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எந்திரிக்கிறேன்.”

“இனி இந்த ஊர்ல உனக்கு வேஷமே கிடைக்காது.”

“டெஸ்மண்ட், நான் நாப்பது தடவ மேடைல செத்திருக்கேன். எல்லாம் எழுதி வச்சபடி. எழுதாத சாவு எனக்கு வேண்டாம்ப்பா.”

பார்வையாளர்கள் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். வெனீஷியா அந்தத் துருப்பிடித்த பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, “தள்ளி உக்காருய்யா, எனக்கு முட்டி வலி” என்று எட்கர் அருகில் உட்கார்ந்தார். “பெரில், நான் சொன்னது தப்புடி.”

டெஸ்மண்ட் தொலைபேசியை எடுத்தார். நானூறு பேரும் காத்திருக்க, சோதனைக்காரர்கள் வந்து ஏழு பட்டைகளைக் கழற்றி மாற்றினார்கள். பெரிலுக்காக டெஸ்மண்ட் கையெழுத்திட்ட காகிதத்தை எட்கர் மூக்குக்கண்ணாடி போட்டு இருமுறை படித்தார். பிறகு மேடையோரம் போய், நிமிர்ந்து நின்றிருந்த பெரிலின் முன்னால் குனிந்து, பிஷப் தொப்பியை மாட்டிவிடத் தலையை நீட்டினார்.

அடுத்த முறை திரை எழத் தாமதமானால் காலால் தரையைத் தட்டாதீர்கள். எழுந்து வாசலுக்குப் போங்கள். மேலே எது உடைந்தது, கீழே யார் தலையில் அதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.