நாணு தமிழ் பேசிய மத்தியானம்

போன வாரம் கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலக லிஃப்டில் ஒரு பையன் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். எட்டிப் பார்த்தேன். நாணு! பழுப்புத் துணியில் தைத்த உடம்பு, ஒரு காது மடங்கியது, கண்ணுக்குப் பதில் இரண்டு சட்டைப் பொத்தான். அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன பொம்மை நிகழ்ச்சி அது. இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அறியில்ல சேச்சி, கண்டோண்டிரிக்காம்" என்றான். தெரியாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று பொருள். நாணுவைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் வரும் மலையாள நிகழ்ச்சி. நாணு ஒரு மரநாய். ஓட்டு வீடுகளின் மச்சில் ராத்திரியெல்லாம் ஓடித் தூக்கத்தைக் கெடுக்கும் பிராணியை ஊரே உட்கார்ந்து ரசித்தது என்றால் நாணுவின் சாமர்த்தியத்தைப் புரிந்துகொள்ளலாம். ஒரு மேசை, அதற்குப் பின்னால் நாணு, எதிரே நாற்காலியில் யாராவது ஒருவர். குடை ரிப்பேர் செய்கிறவர் வருவார், பஸ் கண்டக்டர் வருவார், நர்ஸ் வருவார். நாணுவுக்கு உலகத்தில் ஒன்றுமே தெரியாது. "எனிக்கும் அறியணும்" என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் கேட்கும். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவரிடம், ஆபரேஷனுக்கு முன்னால் உங்களுக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இருக்கும் என்றார். அதையே மனிதன் கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

அந்தத் துணிக்குள் இருந்த கை என் சித்தப்பாவுடையது. குரலும் அவருடையதுதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. கரமனை அக்ரஹாரத்தில் வீடு. பள்ளிக்கூடத்தில் சித்தப்பாவால் எனக்கு ஏகப்பட்ட மரியாதை. வீட்டிலோ அதே சித்தப்பாதான் தீராத தலைவலி. அப்பா யார் யார் வாசலிலோ நின்று, பல்லைக் காட்டி, தம்பிக்கு ஒரு வங்கி வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் அதை ராஜினாமா செய்துவிட்டு மரநாய்க்குக் குரல் கொடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் நேராகப் பேசுவதில்லை. நடுவில் நான் இருந்தேன். "குழாய்ல தண்ணி வந்துடுத்துன்னு அவன்ட்ட சொல்லு" என்பார் அப்பா. அவன் என்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். நான் திரும்பி அதையே சொல்வேன். "கேட்டாச்சுன்னு சொல்லு" என்பார் சித்தப்பா. நான் மறுபடி திரும்புவேன். நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பமே நடக்காது என்று எனக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை நாணு வரும்போது அப்பா அதே கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிகழ்ச்சி முடிகிறவரை ஒரு பக்கம் புரளாது. அப்பாவுக்கு வேகமாகப் படிக்க வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி எத்தனை காலம்தான் ஓடும்? தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் அறை பார்த்திருப்பதாகவும், திங்கட்கிழமை அங்கே போய்விடப் போவதாகவும் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொன்னாள். "போறவா தாராளமாப் போகட்டும்னு சொல்லு" என்றார் அப்பா என்னிடம். அந்தச் செய்தியை மட்டும் நான் கொண்டுபோகவில்லை. சித்தப்பா பக்கத்து அறையில்தான் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. சித்தப்பா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த நாளே எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. டாக்டர் மலையாளத்தில் முண்டிநீரு என்று சொல்லி மருந்து எழுதினார். அம்மா அவரையும் நம்பினாள், தன் இரட்டைவடச் சங்கிலியையும் என் கழுத்தில் போட்டாள். முகம் பணியாரமாக உப்பி, வாயைத் திறந்தால் காதுவரை வலித்தது. வீட்டில் தபால் போக்குவரத்து அடியோடு நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தது; யாரும் யாரிடமும் சொல்லாததால் தொட்டி வழிந்து முற்றம் நனைந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். நாணு! ஸ்டுடியோவை விட்டு அதை வெளியே விடவே மாட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கி வந்திருக்க வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவர் மல்லாந்து படுத்துக்கொண்டார். மெத்தை ஓரத்தில் நாணு எழுந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, முகத்தில் பலூனா என்று மலையாளத்தில் கேட்டது. சிரித்தேன், உயிர் போகிற மாதிரி வலித்தது.

அப்போதுதான் அப்பா எனக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாணுவைப் பார்த்தார். கட்டில் முனையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தார். பழக்கதோஷத்தில் என்னிடம், "அவன் சாப்டானான்னு கேளு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வலியில் கண்ணீர்தான் வந்தது. பிறகு நாணு மெல்ல அப்பா பக்கம் திரும்பியது.

"சாப்ட்டேன்."

நாணுவுக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, போன ஞாயித்துக்கிழமை அந்த நர்ஸ் வந்தப்போ உன் தலை நடுங்கித்தே. ஜுரமா?"

நாணு யோசித்தது. "ஆமாம். ரெண்டு நாளா இருந்தது."

"டாக்டர்ட்ட போனியோ?"

"இல்ல."

"அங்க போயி இருந்தா இப்படிக் கேக்கறதுக்கு யார் இருக்கா? ராத்திரி ஜுரம் வந்தா யாரு கஞ்சி வச்சுத் தருவா?"

நாணு தலையைக் குனிந்துகொண்டது. "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேலைய விட்டது தப்புதான் அண்ணா" என்றது. அப்பாவை அண்ணா என்றால் நாணு எனக்குச் சித்தப்பா முறை அல்லவா ஆகிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"போக வேண்டாம்" என்றார் அப்பா. நாணுவின் பொத்தான் கண்களைப் பார்த்துத்தான் சொன்னார். "இங்கயே இருந்தா மதி, அது போறும். கேட்டியோ?"

நாணுவின் தலை அப்படியே மெத்தையில் கவிழ்ந்தது. தோள் குலுங்கியது. அப்பா புறங்கையை அதன் நெற்றியில் வைத்தார். எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை சித்தப்பா எங்கும் போகவில்லை. அவர் பெட்டி மறுபடி பரணில் ஏறிவிட்டது. ஆனால் அந்த மத்தியானம் எனக்கு இதிலெல்லாம் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. பொல்லாத கோபம். வீங்கிக் கிடப்பது நான். உடம்பு அனலாகக் கொதிப்பது எனக்கு. என்னை விட்டுவிட்டு அப்பா ஒரு பொம்மைக்கு ஜுரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்க முடிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்: அது வெறும் துணி அப்பா, அதுக்குச் சுடாது.